வருங்காலக் கேப்டன்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆதார் அட்டையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் அனகாபுத்தூரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "பைலட்டு வீடு" என்றால் சின்னப் பையன்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவான். சலூன்காரர் "பைலட்டு, இந்தப் பக்கம் வாங்க" என்று நாற்காலியைத் தட்டுகிறார். இஸ்திரிக்காரர் நோட்டில் "பைலட் – பேன்ட் 4" என்று எழுதுகிறார். இன்னும் ஒரு பயணியைக்கூட ஏற்றி இறக்கவில்லை என்பதைத் தவிர, இந்தப் பட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

லைசென்ஸ் இருக்கிறது; அதில் சந்தேகமே வேண்டாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-யின் தேர்வுகள் எல்லாவற்றிலும் 70 மதிப்பெண் கோட்டைத் தாண்டி, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் வெயிலிலும் பனிமூட்டத்திலும் கிடந்து, செஸ்னாவில் 200 மணி நேரம் பறந்து வாங்கிய சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம். செலவு அரைக்கோடிக்கு மேல். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பிரிவில் ஓய்வுபெற்ற அப்பா, 2023-ல் செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர். ஜூனில் இண்டிகோ 500. ஆக 970. விமானத்துக்கு ஷிப்ட் முறையில் பத்து பைலட் என்று வைத்தாலும் 9,700 வேலை. "இதுல நமக்குன்னு ஒண்ணு இருக்காதா?" என்றார். கணக்கில் பிழையில்லை. அந்த விமானங்கள் வந்து சேரப் பல வருடங்கள் ஆகும் என்பதும், அதே ஆண்டில் நாட்டில் 1,600 பேருக்கு மேல் புதிதாக சிபிஎல் வாங்கினார்கள் என்பதும், அந்த ஆண்டு மே மாதத்தில்தான் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியதால் அனுபவசாலிகளும் அதே வரிசையில் வந்து நின்றார்கள் என்பதும் வேறு பக்கங்களில் வந்த செய்திகள். அப்பா அந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை.

ஆகவே நம்மவர் தயாராகிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் தயாராகிறார், சாப்பிட்டுவிட்டுத் தயாராகிறார், தூங்குவதற்கு முன் சற்றுத் தயாராகிவிட்டுத் தூங்குகிறார். பறந்தது 200 மணி நேரம். பறப்பதற்கான நேர்காணலுக்குத் தயாரான நேரத்தை லாக் புத்தகத்தில் ஏற்ற வழியிருந்தால் இந்நேரம் அவர் சீனியர் கேப்டன்.

அவருடைய அறைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் ஏர்பஸ் ஏ320 விமானி அறையின் முழு அளவுப் படம் ஒட்டியிருக்கும். மேற்கூரை பேனல் கட்டிலுக்கு நேர் மேலே. படத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, காகிதத்தில் இருக்கும் பொத்தான்களை வரிசை தவறாமல் தொடுவார். இன்னும் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் ஏ320-க்கா, சின்ன விமானமான ஏடிஆருக்கா என்பது தெரியாது. ஆனாலும் தொடுவார். அந்தச் சுவரில் முன்பு முருகன் காலண்டர் இருந்தது. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் முருகன் இப்போது துணை விமானியின் ஜன்னல் இருக்கும் இடத்தில் மயிலோடு நிற்கிறார்.

பேச்சு மாறிவிட்டது. வானொலித் தொடர்பில் கட்டளையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. வீட்டிலும் அதுவே நடைமுறை.

"டேய், ஆவின் பச்சை அரை லிட்டர் ரெண்டு வாங்கிட்டு, அப்படியே கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கோ."

"ஆவின் பச்சை, அரை லிட்டர், ரெண்டு. கறிவேப்பிலை, கேட்டு."

"ஏன்டா, காது கேக்கலையா? சொன்னதையே சொல்றே?" என்பார் பாட்டி.

தொலைபேசி எண் கொடுப்பது இன்னும் கடினம். உலக விமானப் போக்குவரத்து முறைப்படி மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் உச்சரிக்க வேண்டும். இரைச்சலில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. இவர் கூரியர் பையனிடம் "நைனர் எய்ட் ஃபோர் ட்ரீ" என்று ஆரம்பித்தால் அவன் குழம்பிப்போய், "அண்ணே, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறான்.

வானிலையும் அப்படித்தான். மீனம்பாக்கத்தின் வானிலைக் குறிப்பு அரை மணிக்கொருமுறை வரும். வந்ததும் படித்துவிடுவார், நேர்காணலில் ஒரு தாளை நீட்டி "இதைப் படி" என்பார்களாம். ஒருநாள் அம்மா மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு, "மழை வருமாடா?" என்று கேட்டார். "ப்ராப் 30, டெம்போ, இடியோட மழை" என்று பதில் வந்தது. நூற்றுக்கு முப்பது வாய்ப்பு, வந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு என்று பொருள். "வடாத்தை எடுக்கணுமா, வேண்டாமா?" "தகவல் கொடுக்கிறதுதாம்மா என் வேலை. முடிவு கேப்டனோடது." அம்மா மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு வடாத்தை எடுத்தார். பத்து நிமிடத்தில் கொட்டியது.

இனி, திறனறித் தேர்வு. படிப்பு எவ்வளவு இருந்தாலும் இந்த ஆள் பறக்கத் தோதானவனா என்று கண்டுபிடிக்க உலகம் நூறு வருடங்களாகப் பாடுபடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ஒரு முறை இருந்தது: விமானியாக வந்தவரை உட்காரவைத்து, எதிர்பாராத நேரத்தில் பக்கத்தில் துப்பாக்கியால் சுடுவார்கள். மூச்சும் கைநடுக்கமும் எவ்வளவு மாறுகின்றன என்று கருவி குறித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளரின் குழு வரிசையாகச் சோதனைகளை உருவாக்கி, ஆளுக்கு 1 முதல் 9 வரை ஒரு மதிப்பெண் போட்டது. இப்போது துப்பாக்கி இல்லை, கணினி இருக்கிறது. திரையில் ஒரு புள்ளி ஓடும். அதைக் கையில் ஜாய்ஸ்டிக்காலும் காலில் பெடலாலும் நடுவிலேயே பிடித்துவைக்க வேண்டும். அதே நேரம் காதில் எண்கள் ஒலிக்கும். இரட்டைப்படை வந்தால் ஒரு பொத்தான். நடுநடுவே திரை மூலையில் ஒரு பெருக்கல் கணக்கு எட்டிப் பார்க்கும். துப்பாக்கியே தேவலை என்று தோன்றும்.

நம்மவர் ஜாய்ஸ்டிக்கும் பெடலும் வாங்கிப்போட்டு மாதக்கணக்காகப் பழகிவருகிறார். எண் வாசிக்கத் தங்கை. சம்பளம், வாரம் ஒரு ஷவர்மா. ஒருநாள் புள்ளி ஓட ஓட இவர் நெளிவதைப் பாட்டி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த கட்டம் போட்ட துணி ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. குழித்தறியில் உட்கார்ந்தே பாட்டியின் பாதி ஆயுள் கழிந்தது.

"தள்ளு, நான் பாக்கறேன்."

"பாட்டி, இது ஹேண்ட் ஃபூட் கோஆர்டினேஷன்."

"காலால மிதிக்கணும், கையால நகத்தணும், கண்ணு நடுவுல இருக்கணும். அவ்ளோதானே?"

புள்ளி நடுவில் போய் உட்கார்ந்தது. அப்படியே நின்றது. தங்கை எண் வாசிக்க, பாட்டி அதைக் காதில் வாங்கிக்கொண்டே, "அடுப்புல பால் வச்சிருக்கேன், யாராவது பாருங்க" என்றும் சொன்னார். முடிவில் வந்த மதிப்பெண்ணை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தங்கைதான் தெரு முழுக்கச் சொன்னாள்.

மனக்கணக்குக்கு அப்பா பொறுப்பு. கிலோவைப் பவுண்டாக்கு, அடியை மீட்டராக்கு, மூன்று டிகிரியில் இறங்கினால் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி, அப்படியானால் ஏழு மைலுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "இதெல்லாம் மெஷின் போடாதா?" என்று மாமா ஒருமுறை கேட்டுவிட்டார். மாமாவுக்கு 1983 ஜூலை 23 பற்றி முழுச் சொற்பொழிவு கிடைத்தது. அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டியவர்கள் பவுண்டு எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் இன்ஜின்கள் நின்றுபோய், கிளைடர் மாதிரி மிதந்து வந்து கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். இதை நம்மவர் விவரிக்கும் உருக்கத்தைப் பார்த்தால் அவரே இறக்கியது போலிருக்கும். எரிபொருள் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார்: பயணத்துக்கு இவ்வளவு, எதிர்பாராததற்கு இவ்வளவு, மாற்று நிலையத்துக்கு இவ்வளவு, அதற்கும் மேல் கடைசிக் கையிருப்பாக 30 நிமிடம். அவர் தன் ஸ்கூட்டரைப் பல்லாவரம் மேம்பாலத்தில் தள்ளிக்கொண்டு போவதை மாதம் ஒருமுறையாவது நான் பார்க்கிறேன்.

தொழில்நுட்பக் கேள்விகளில் அவரை அசைக்க முடியாது. இறக்கை எப்படித் தூக்குகிறது என்ற ஒரு கேள்விக்கே இரண்டு பதில் வைத்திருக்கிறார். மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின் விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன, மேலே தூரம் அதிகம், அதனால் வேகம் அதிகம் என்பது பழைய விளக்கம். அது தவறு, மேல் காற்று முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சரியான விளக்கமும் அவருக்குத் தெரியும். எதைச் சொல்வது என்பது எதிரே இருப்பவரின் தலைமுடியைப் பொறுத்தது. நரைத்திருந்தால் பழையது.

வீட்டு விசேஷங்களிலும் இந்த அறிவு பயன்படுகிறது. ஓடுபாதையில் வேகமெடுக்கும் விமானத்துக்கு வி1 என்று ஒரு வேகம் உண்டு. அதற்குள் கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் எது நடந்தாலும் எழும்பித்தான் ஆக வேண்டும். சித்தப்பா மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் சீர் பற்றி ஏதோ முணுமுணுக்க, பெரியவர்கள் கூடி முகம் சிவக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பந்தியிலிருந்து எழுந்து வந்து, "பத்திரிகை அடிச்சாச்சுல்ல? வி1 தாண்டியாச்சு" என்றார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் சொன்னவர் பைலட் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாணம் நடந்தது.

இவ்வளவு இருந்தும் அவரை உலுக்கும் கேள்வி ஒன்றுண்டு: நீ ஏன் விமானியாக ஆசைப்பட்டாய்?

தில்லி துவாரகாவில் தெருவுக்குத் தெரு விமானப் படிப்புக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே நேர்காணலுக்குப் பழக்கிய ஆசிரியர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டார். 'சின்ன வயதில் வானத்தில் விமானம் பறப்பதைப் பார்த்தேன், அன்றே முடிவுசெய்தேன்' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்களுக்குக் காது புளித்துவிட்டதாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நம்மவருக்கு மட்டும் முகம் வெளுத்தது. ஏனென்றால் அவர் விஷயத்தில் அது உண்மை. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் மீனம்பாக்கத்தில் 07 ஓடுபாதையில்தான் இறக்குவார்கள். அப்படி இறங்கும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு அனகாபுத்தூரைக் கடந்துதான் போக வேண்டும். மூன்று வயதில் பாட்டி மொட்டை மாடியில் அவற்றைக் காட்டித்தான் சோறு ஊட்டினார். அதைச் சொல்லக்கூடாது என்றால் வேறு என்ன சொல்வது? ரைட் சகோதரர்கள் என்று ஆரம்பித்துப் பார்த்தார். தேச சேவை என்று ஆரம்பித்துப் பார்த்தார். "லோன் கட்டணும்னு சொல்லேன், உண்மையாவும் இருக்கும்" என்றார் அப்பா.

'உன் பலவீனம் என்ன' என்ற கேள்விக்கும் இதே அவஸ்தை. பலவீனம் மாதிரித் தெரிகிற பலமாக இருக்க வேண்டுமாம். எதையும் மிகச் சரியாகச் செய்யப் பார்ப்பதே என் குறை என்று எல்லோரும் சொல்வதால் அதுவும் செல்லாக்காசு. பாட்டியைக் கேட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கறே. வேற ஒண்ணும் இல்லடா ராஜா" என்று பதில் வந்தது.

இவர்களுக்குள் ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. புராணங்கள் பிறக்கும் இடம் அது. மீசை வைத்த கேப்டன் ஹைட்ராலிக்ஸ் கேட்பார். பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று அமைப்பையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஓரத்தில் சிரித்துக்கொண்டே இருக்கும் அம்மாள் எச்ஆர், ஆபத்தே அவரிடம்தான். தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமா? குடிக்கக்கூடாது, பதற்றம் என்று நினைப்பார்கள். குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் பிடிவாதம் என்று நினைப்பார்கள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் உண்டு. ஒரு மடக்கு மட்டும் குடிப்பது என்று சமரசமாகி, இப்போது நாட்டின் வருங்கால விமானிகள் அனைவரும் ஒரு மடக்கு மட்டுமே குடிக்கிறார்கள்.

கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. குருகிராமுக்கு வரச் சொன்னார்கள். மே மாதம், கறுப்பு கோட்டு, நடு சீட்டு. தில்லியில் விமானம் சற்றுத் தொப்பென்று இறங்கியது. பக்கத்துச் சீட்டுப் பெரியவர் முருகா என்றார். நம்மவர் கண்ணை மூடியபடி, "குறுக்குக் காற்று. மூக்கை லேட்டா திருப்பினார்" என்று சொல்ல, பெரியவர் அதுவரை தன் தோளில் சாய்ந்து தூங்கிவந்த இந்தப் பையன் யார் என்று திரும்பிப் பார்த்தார்.

குழு விவாதத்தில்தான் வேடிக்கை. எட்டுப் பேர். சக ஊழியரோடு ஒத்துப்போகும் குணம், பிறர் கருத்துக்கு மதிப்பு, பேசாதவரைப் பேசவைக்கும் பண்பு ஆகியவற்றைத்தான் அங்கே பார்க்கிறார்கள் என்று எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே யாரும் ஆரம்பிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க." "இல்ல, முதல்ல நீங்க." அரை நிமிடம் இப்படியே உபசாரம் நடந்தது. ஓரத்தில் ஒரு பையன் ஜுரத்தோடு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஏழு பேரும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பி, "உங்க கருத்தைக் கேட்க ஆவலா இருக்கோம்" என்றார்கள். அவன் பேசி முடிக்கும்போதெல்லாம் மறுபடி கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கடைசிவரை அவனே பேசினான். அவன் தேர்வாகிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். மீசை இருந்தது. ஹைட்ராலிக்ஸ் கேட்கவில்லை. தலை நரைத்த அந்தக் கேப்டன் கோப்பைப் புரட்டிவிட்டு, "சென்னையில் எந்தப் பகுதி?" என்றார்.

"அனகாபுத்தூர், சார்."

கேப்டனின் முகம் மலர்ந்தது. "07-க்கு இறங்குகிற வழியாச்சே! எத்தனை தடவை உங்கள் தலைக்கு மேல் போயிருக்கிறேன். அப்படியென்றால் சின்ன வயதிலிருந்து விமானங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பாய்?"

கோட்டுக்குள் வேர்த்தது. துவாரகா ஆசிரியரின் முகம் எதிரே வந்து நின்றது. பொறி இதுதான் என்று நம்மவருக்குப் புரிந்துவிட்டது.

"இல்லை சார். கவனித்ததில்லை."

அறையில் அமைதி. எச்ஆர் அம்மாளே சிரிப்பை நிறுத்திவிட்டார். "தலைக்கு மேல் சில நூறு அடியில் போகுமே?" என்றார் கேப்டன். "நான் பெரும்பாலும் வீட்டுக்குள் படித்துக்கொண்டிருப்பேன், சார்." கேப்டன் அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதினார். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்தார்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருப்பார் என்று டெலிகிராம் குழு மூன்று வாரம் ஆராய்ந்தது. கவனமில்லாதவன் என்று எழுதியிருப்பார் என்பது ஒரு கட்சி. எதற்கும் கவனம் சிதறாதவன் என்று எழுதியிருப்பார் என்பது இன்னொன்று. நான்காவது வாரம் மின்னஞ்சல் வந்தது. தேர்வு.

தெருவுக்கே இனிப்பு. கிருஷ்ண ஜெயந்தி மாதிரி வாசல் முழுக்கக் கோலம். "அப்பாடா, இனிமே பரீட்சையே கிடையாதில்ல?" என்றார் அம்மா. ஏ320 தனிப் பயிற்சி இருக்கிறது, அதற்கொரு தேர்வு. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை. வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. பிறகு கேப்டனாக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து. ஓய்வு பெறும்வரை இப்படித்தான் என்று நம்மவர் விளக்கினார். அம்மா ஷவர்மா பட்ஜெட்டை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. சுவரில் படம் அப்படியே இருக்கிறது. முருகனும்.

போன ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். சிபிஎல் கையில் புத்தம் புதிதாக இருக்கிறது, நோட்டுகள் வேண்டுமாம். நம்மவர் பரணிலிருந்து மூட்டையை இறக்கினார். 1934-ம் வருட விமானச் சட்டம் என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்து, 2025-லிருந்து நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார். ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்தார். பாட்டியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொன்னார். பையன் புது நோட்டைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தான்.

"வீடு பொழிச்சலூர்னு சொன்னதுமே பொறி வைப்பாங்க. சின்ன வயசுல பிளேன் பார்த்திருப்பியேன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. மயங்கிடாதே. பார்த்ததே இல்லைன்னு சொல்லிடு. நான் அதுலதான் உள்ளே போனேன்."

பையன் எழுதிக்கொண்டான். கீழே இரண்டு கோடு போட்டான். பிறகு பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணா, எந்த பிளேனையுமே பார்த்ததில்லைன்னு சொல்லணுமா, இல்ல ஏர்பஸ்ஸை மட்டும் பார்த்ததில்லைன்னு சொன்னா போதுமா?"